உயர்த்தப்பட்ட பழைய ஜிப்சிகள்: சேஸிஸில் விரிசல் விழுவது ஏன்? சீர்செய்வது எப்படி?

இமயமலைப் பாதைகளிலும் தேசியப் பூங்காக்களின் வனச் சாலைகளிலும் மாருதி ஜிப்சி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1985-ஆம் ஆண்டு அறிமுகமான இந்த வாகனத்தைப் பொதுச் சந்தைக்குத் தயாரிப்பது 2019-இல் நிறுத்தப்பட்டது. எனவே தற்போது கைமாறுபவை அனைத்தும் பழைய வண்டிகளே. அவற்றில் கணிசமானவை, பெரிய டயர்களைப் பொருத்துவதற்காகத் தரையிலிருந்து உயர்த்தப்பட்டவை. புதிய வண்ணப்பூச்சில் மின்னும் அத்தகைய வண்டியின் அடியில், சேஸிஸ் விரிசல் கண்டிருப்பது அரிதல்ல.

விரிசலைப் பற்றவைத்து மூடுவது ஒரு நாள் வேலை. ஆனால் அது ஏன் விழுந்தது என்பதைக் கண்டறிந்து நீக்காவிட்டால், பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே மீண்டும் தோன்றும். ஸ்டீயரிங் பொருத்தப்பட்ட பகுதியில் அது நிகழ்ந்தால், மலைப்பாதையில் வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறிச் சென்றுவிடும் அபாயம் உண்டு.

ஏணி போன்ற சட்டம்

தற்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் உடற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாகவே அமைந்துள்ளன. ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப் போன்றவற்றின் அமைப்பு வேறு. நீளவாக்கில் செல்லும் இரண்டு எஃகுத் தண்டுகளும், அவற்றை இணைக்கும் குறுக்குத் தண்டுகளும் சேர்ந்து ஏணி போன்ற சட்டமாகின்றன. எஞ்சின், ஸ்டீயரிங் பாக்ஸ், லீஃப் ஸ்பிரிங் ஆகியவை இச்சட்டத்தில் பொருத்தப்படுகின்றன. உடற்கூடு ரப்பர் தாங்கிகளின் மீது தனியாக அமர்ந்திருக்கும்.

மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது இந்தச் சட்டம் சற்றே முறுக்கிக்கொள்கிறது. அது அமைப்பின் இயல்பே, குறையன்று. ஆனால் 20, 30 ஆண்டுகளாகத் தொடர்ந்து முறுக்கப்படும் எஃகு சோர்வடைகிறது. விசை குவியும் துளைகள், பற்றவைப்பு விளிம்புகள், மூலைகள் ஆகிய இடங்களில் முடி போன்ற மெல்லிய விரிசல் தொடங்கி, சிறிது சிறிதாக நீள்கிறது.

உயர்த்துவதால் என்ன மாறுகிறது?

ஜிப்சியை உயர்த்த மூன்று வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. முதலாவது, லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக்குவது. ஸ்பிரிங்கின் மறுமுனை அசையாமல் இருப்பதால், ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறத்தாழ 1 அங்குலமே உயரும். நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டில் அசையும்போது, அதன் தாங்கியில் நெம்புகோல் போன்ற விசை கூடுகிறது. முன்புற அச்சின் சாய்வுக் கோணம் குறைவதால், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் தன்மையும் குன்றுகிறது.

இரண்டாவது, ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை அதன் மேலே மாற்றிப் பொருத்துவது. இதனால் ஒரே மாற்றத்தில் 4 அங்குலத்துக்கும் மேல் உயரம் கிடைக்கும். ஆனால் வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் ஸ்பிரிங்கை முறுக்கும் விசை அதிகரித்து, ஸ்பிரிங் தாங்கிகளை வாட்டுகிறது. ஸ்டீயரிங் இணைப்புத் தண்டும் ப்ரொப்பெல்லர் ஷாப்டும் செங்குத்தான கோணத்தில் இயங்க நேரிடுகிறது.

மூன்றாவது, உடற்கூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே கட்டைகளை வைப்பது. இதில் ஸ்பிரிங் அமைப்பு மாறுவதில்லை. ஆனால் உடற்கூட்டைத் தாங்கும் சிறு பிடிப்புகளின் மீது விழும் வளைவு விசை கூடுகிறது.

மூன்று வழிகளிலும் இறுதியில் பெரிய, கனமான டயர்களே பொருத்தப்படுகின்றன. கல்லில் மோதும் ஒவ்வொரு முறையும் அவை கொடுக்கும் அதிர்ச்சி, ஆலைப் பொறியாளர்கள் கணக்கிட்ட அளவைத் தாண்டிச் சட்டத்தைச் சென்றடைகிறது.

எங்கே தேட வேண்டும்?

முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்தப்பட்ட பகுதி. ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்ப, மற்றொருவர் அடியில் இருந்து கவனிக்க வேண்டும். பாக்ஸ் சட்டத்தோடு ஒன்றாக நிற்காமல் சிறிதேனும் தனியாக அசைந்தால், போல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது உலோகம் கிழிந்திருக்கலாம்.

அடுத்து ஸ்பிரிங் தாங்கிகள், ஷேக்கிள் தாங்கிகள், ஷாக் அப்சார்பர் பிடிப்புகள், குறுக்குத் தண்டுகள் இணையும் மூலைகள், பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளைந்து எழும் பகுதி ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். வண்ணப்பூச்சின் மேல் கோடு போல் கசியும் துரு, பெரும்பாலும் அடியிலுள்ள விரிசலின் அடையாளம். கதவுகள் திடீரெனச் சரியாக மூடாமல் போவதும், டயர்கள் ஒருபக்கமாகத் தேய்வதும் சட்டம் கோணியிருப்பதைச் சுட்டலாம்.

முதலில் அளவு, பிறகே வெல்டிங்

கோணிய சட்டத்தைப் பற்றவைத்தால், அந்தக் கோணலே நிரந்தரமாகிவிடும். ஆகவே வண்டியைச் சமதளத்தில் உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்தி, சட்டத்தின் இருபுறமும் உள்ள ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் சட்டம் நேராக உள்ளது. வேறுபாடு தெரிந்தால், இழுவைக் கருவிகள் உள்ள பட்டறையில் சட்டத்தை நேராக்கிய பின்னரே பற்றவைக்க வேண்டும்.

விரிசலின் உண்மையான நீளம் கண்ணுக்குத் தெரியும் நீளத்தைவிட அதிகம். வண்ணத்தைச் சுரண்டி நீக்கிய பின், ஊடுருவும் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, அதன் மேல் வெள்ளைத் தெளிப்பானை அடித்தால், விரிசல் முடியும் இடம் சிவப்புக் கோடாகத் துலங்கும்.

பற்றவைப்பின் படிகள்

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எரிபொருள் செலுத்துதல் மின்னணு முறையில் இயங்கும் பிந்தைய ஜிப்சிகளில், கட்டுப்பாட்டுக் கணினியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். ஜிப்சி பெட்ரோல் வாகனம் என்பதால், தொட்டிக்கு அருகில் வேலை நடக்குமானால் தொட்டியை இறக்கி அப்புறப்படுத்துவது கட்டாயம். காலித் தொட்டியில் எஞ்சும் ஆவியும் வெடிக்கக்கூடியது.

விரிசலின் முனையில் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடுவது தடுக்கப்படும். பின்னர் விரிசல் நெடுக ஆங்கில 'வி' எழுத்து வடிவில் பள்ளம் செதுக்கி, உலோகம் ஆழம் வரை நிரம்பும்படி பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக ஓட்டாமல், இடம் மாற்றிச் சிறு சிறு துண்டுகளாகப் பற்றவைத்து ஆறவிட்டால், வெப்பத்தால் சட்டம் வளைவது குறையும்.

வலுவூட்டும் தகட்டில்தான் பல பட்டறைகள் தவறுகின்றன. தடித்த தகடு நல்லது என்ற எண்ணம் பிழையானது. அது அந்த இடத்தை மட்டும் விறைப்பாக்கி, விசையைத் தகட்டின் விளிம்புக்குத் தள்ளுகிறது. அடுத்த விரிசல் அங்கே பிறக்கிறது. சட்டத்தின் கனத்தை ஒத்த தகட்டை, முனைகள் குறுகிச் செல்லும் வைர வடிவில் வெட்டிப் பொருத்துவதே முறை. சட்டத்தின் மேல், கீழ்ப் பரப்புகளில் குறுக்கே பற்றவைப்புக் கோடு ஓடக் கூடாது. வளைவு விசை மிகுதியாக விழும் பரப்புகள் அவையே.

ஸ்டீயரிங் பாக்ஸின் போல்ட்டுகள் உள்ளீடற்ற சட்டத்தின் ஊடே செல்லும் இடத்தில், உள்ளே குழாய்த் துண்டை வைத்துப் பற்றவைப்பது பயனளிக்கும். இல்லாவிடில் போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் சட்டம் உள்நோக்கி நசுங்கி, பிடிப்பு தளரும்.

துருவின் மேல் தகடு வேண்டாம்

பெட்டி வடிவச் சட்டத்துக்குள் சேறு தங்கி, ஈரம் உறைந்து, உள்ளிருந்தே துரு அரிக்கிறது. கூர்முனைச் சுத்தியலால் தட்டும்போது கணீரென ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலோ, உலோகம் உள்ளே அமுங்கினாலோ, அப்பகுதியை நல்ல உலோகம் வரை வெட்டி நீக்கிப் புதிதாக இணைக்க வேண்டும். துருவின் மேல் தகடு ஒட்டுவது நோயை மூடிவைப்பதற்கு ஒப்பாகும். வேலை முடிந்ததும் துத்தநாகப் பூச்சும் வண்ணமும் இட்டு, உட்புறத்தில் மெழுகு தெளிப்பதோடு, அடைபட்ட வடிகால் துளைகளையும் திறந்துவிட வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே இப்பிரிவு குறிக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உறுதிசெய்தது. சட்டத்துக்கு அதே ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. ஆக, சேதமடைந்த சட்டத்தைப் பழைய வடிவத்துக்கே கொண்டுவருவது வேறு. வண்டியை உயர்த்துவது வேறு.

சேஸிஸில் பொறிக்கப்பட்ட எண்ணே வாகனத்தின் சட்டபூர்வ அடையாளம். அந்த இடத்தைச் சாணை பிடிப்பதோ, அதன் மேல் பற்றவைப்பதோ கூடாது. துரு அங்கு எட்டியிருந்தாலோ, சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தாலோ, வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவது அவசியம். தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அப்போது நடைபெறும் ஆய்வில் எண் தெளிவாகத் தெரியாத வண்டி சிக்கலைச் சந்திக்கும்.

வாங்குவோர் கவனத்துக்கு

பழைய ஜிப்சியை வாங்குவோர், பேரம் முடிக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. அடிச்சட்டத்தில் மட்டும் அண்மையில் கனமான கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால், அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே பற்றவைத்த தடம் இருப்பதனாலேயே வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த விரிசலுக்குக் காரணமான நீண்ட ஷேக்கிளும் பெரிய டயரும் இன்னும் நீடிக்கின்றனவா என்பதே கேள்வி. அவை நீடித்தால், விற்பவர் காட்டும் வெல்டிங் ரசீது தற்காலிக நிவாரணத்துக்கான சான்று மட்டுமே.