28 வயது மானேஜரும் 86 ஆண்டு ஏக்கமும்!

பந்தை அடிப்பவர்கள் ஆட்டக்காரர்கள். ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் ஆபீசில் இருக்கிறார். அவர்தான் ஜெனரல் மானேஜர்.

அமெரிக்காவில் பேஸ்பால் கோஷ்டி தோற்றால், ரசிகர்கள் ஆட்டக்காரர்களை மட்டும் திட்டுவதில்லை. ஆபீசையும் சேர்த்தே திட்டுவார்கள்!

பாஸ்டன் நகர "ரெட் சாக்ஸ்" ரசிகர்களுக்கு அப்படி ஒரு தீராத மனக்குறை இருந்தது.

1918-ல் அந்தக் கோஷ்டி, "வேர்ல்டு சீரிஸ்" என்னும் இறுதிப் போட்டியில் வென்றது. பிறகு, பேப் ரூத் என்ற மாபெரும் ஆட்டக்காரரை நியூயார்க் "யாங்கீஸ்" கோஷ்டிக்கு முதலாளி விற்றுவிட்டார். 1920 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று.

அதற்குப் பின் வெற்றியே இல்லை. "ரூத்தின் சாபம்" என்றார்கள்.

யார் இந்தப் பையன்?

2002-ல் ஜெனரல் மானேஜர் பதவி காலியாக இருந்தது. அனுபவசாலியான பில்லி பீன் வர ஒப்புக்கொண்டார். பிறகு மனம் மாறி, மறுத்துவிட்டார்.

நவம்பரில் அந்த நாற்காலி தியோ எப்ஸ்டீனுக்குக் கிடைத்தது. அவருக்கு வயது 28! அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை.

பலர் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். ஒரே ஆறுதல், அவர் பாஸ்டன் மைதானத்தின் அருகே வளர்ந்தவர். சிறு வயது முதல் ரெட் சாக்ஸ் ரசிகர்.

2003 ஜனவரியில், மினசோட்டா கோஷ்டி வேண்டாம் என்று விட்டுவிட்ட டேவிட் ஆர்ட்டிஸை அவர் சேர்த்துக்கொண்டார்.

செல்லப்பிள்ளை போனார்

2004 ஜூலை 31. ரசிகர்களின் செல்லப்பிள்ளையான நோமர் கார்சியபாராவை எப்ஸ்டீன் வேறு கோஷ்டிக்கு அனுப்பிவிட்டார். நகரமே திடுக்கிட்டது!

அக்டோபரில் யாங்கீஸுடன் மோதல். முதல் மூன்று பந்தயங்களிலும் தோல்வி. இன்னொன்று தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நான்காவது பந்தயத்தில் வெற்றி தேடித்தந்தவர் ஆர்ட்டிஸ். ஐந்தாவதிலும் அவரே! தொடர்ந்து நான்கு வெற்றிகள். பிறகு வேர்ல்டு சீரிஸில் செயின்ட் லூயிஸ் கோஷ்டியை நான்கு பந்தயங்களிலும் தோற்கடித்தார்கள்.

அக்டோபர் 27-ந் தேதி, 86 ஆண்டு ஏக்கம் தீர்ந்தது.

ரசிகர்கள் பலர் கல்லறைகளுக்குப் போனார்கள். வெற்றியைக் காணாமலே கண் மூடிய தந்தையர், தாத்தாக்கள் சமாதியில், வெற்றிச் செய்தி வந்த பத்திரிகையை வைத்துவிட்டு வந்தார்கள்.

சிகாகோவில்...

2011-ல் எப்ஸ்டீன் சிகாகோ "கப்ஸ்" கோஷ்டியின் பொறுப்பை ஏற்றார். அது 1908-க்குப் பிறகு வேர்ல்டு சீரிஸில் வெல்லாத கோஷ்டி.

வந்ததும் அதிசயம் நடந்துவிடவில்லை. 2012-ல் ஆடிய 162 பந்தயங்களில் 101 தோல்வி! ஆபீசில் போட்ட விதை, மைதானத்தில் முளைக்க நாளாகும். ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

2016-ல் கப்ஸ் வென்றது. 108 ஆண்டுகளுக்குப் பிறகு!

மைதானத்தின் வெளிச் சுவரில் ரசிகர்கள் சாக்குக்கட்டியால் எழுதினார்கள். ஆட்டக்காரர்களின் பெயர்களை மட்டுமல்ல. இந்த நாளுக்காகக் காத்திருந்து மறைந்துபோன தங்கள் தாத்தா, பாட்டிகளின் பெயர்களையும்!