கலகமும் சாசனமும் – 14: மடத்துத் தரையில் திருகைக் கற்கள்

இங்கிலாந்து உழவர் கலகத்தின் தலைவர் வாட் டைலர் ஸ்மித்ஃபீல்டில் வெட்டுப்பட்டு விழுந்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். தலைவரி, பிரென்ட்வுட்டில் மூண்ட கலகம், மைல் எண்டில் பதினான்கு வயது அரசன் ரிச்சர்ட் பண்ணையடிமைகளை விடுவிப்பதாகக் கொடுத்த வாக்கு எல்லாம் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வாக்கை எழுதிக்கொடுத்த சாசனங்கள் பிறகு என்னவாயின என்பதை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. ஆனால் டைலர் விழுந்த அதே நாளில், 1381 ஜூன் 15ஆம் தேதி, லண்டனுக்கு வடமேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. வாரம் முழுக்க அதுவே நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

ஊர்க்காரர்கள் மடத்துக்குள் புகுந்தார்கள். துறவிகள் வெளியாரோடு பேசும் அறையின் வாசலுக்குப் போய், அங்கே தரையைப் பெயர்த்தார்கள். தரையில் தளமாகப் பதித்திருந்தவை திருகைக் கற்கள். அவற்றை வெளியே எடுத்துவந்து துண்டு துண்டாக உடைத்தார்கள். கூடியிருந்தவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயில்களில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பிட்டுப் பகிர்வதுபோல அதைச் செய்தார்கள் என்று எழுதிவைத்திருப்பவர் தாமஸ் வால்சிங்கம். அதே மடத்துத் துறவி. கலகக்காரர்களை அடியோடு வெறுத்தவர். அவர் ஏட்டில் அவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவருக்கே அந்தக் காட்சியைச் சொல்ல அப்பத்தின் நினைவுதான் வந்தது.

அந்த அப்பம் எது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். அது நற்கருணை அல்ல. அந்தக் காலத்துச் சாதாரண மக்கள் நற்கருணை வாங்கியது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, ஈஸ்டரில் மட்டும். மற்ற ஞாயிறுகளில் பூசை முடிந்தபின், ஊர் வீடுகளிலிருந்து வந்த ரொட்டியைக் குருவானவர் ஆசீர்வதிப்பார். எல்லாருக்கும் ஒரு துண்டு கிடைக்கும். நாம் ஓர் ஊர், ஒரு கூட்டம் என்று வாரந்தோறும் கைக்கும் வாய்க்கும் சொன்னது அந்தத் துண்டு. கல்லை அதுபோலப் பகிர்ந்தவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

மடத்துத் தரைக்குத் திருகைக் கல் எப்படிப் போனது?

செயின்ட் ஆல்பன்ஸ் ஊரே மடத்துக்குச் சொந்தம். நிலம், சந்தை, காடு, மீன்குளம் எல்லாம் மடாதிபதியின் ஆட்சியில். ஊர்க்காரன் தன் கோதுமையையும், பீருக்கு வேண்டிய முளைத் தானியத்தையும் வேர் ஆற்றங்கரையில் இருந்த மடத்தின் நீராலைகளில்தான் அரைக்க வேண்டும். கூலி தானியமாகவே பிடித்துக்கொள்ளப்படும். இது ஊருக்கு ஊர் வேறுபட்டது. இருபதில் ஒரு பங்கு, இருபத்துநான்கில் ஒரு பங்கு என்றெல்லாம் இங்கிலாந்தில் வழக்கம் இருந்தது. நெய்த கம்பளித் துணியை அடித்துக் கெட்டியாக்குவதற்கும் மடத்தின் ஆலைக்கே போக வேண்டும். வீட்டில் ஒரு திருகை வைத்துத் தன் தானியத்தைத் தானே அரைத்தால், மடத்தின் பார்வையில் அது மடத்தின் வருமானத்தைத் திருடுவது.

ஏழை வீட்டில் இதன் பொருள் என்ன? மூட்டையைச் சுமந்து ஆலைக்குப் போக வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு பங்கை இழந்து திரும்ப வேண்டும். வீட்டுத் திருகை இருந்தால் இரவில் குழந்தை தூங்கியபின் வேண்டிய அளவு மட்டும் அரைத்துக்கொள்ளலாம். இது முதலில் பெண்களின் பிரச்சினை. 1274இல் அரசி எலனோர் அந்த ஊருக்கு வந்தபோது முன்னால் நின்று அழுது முறையிட்டதும் பெண்கள்தாம். பலன் இல்லை. வழக்கு மன்றத்துக்குப் போனது, ஊர் தோற்றது.

தோற்றாலும் திருகைகள் வீட்டை விட்டுப் போகவில்லை. 1327இல் நேரம் கனிந்தது. இரண்டாம் எட்வர்டு அரியணை இழந்து நாடே கலங்கிக் கிடந்த சமயம். ஊர்க்காரர்கள் மடத்தை முற்றுகையிட்டு, தங்கள் ஊருக்குத் தன்னாட்சி உரிமை தரும் சாசனம் ஒன்றை வாங்கிவிட்டார்கள். திருகைகள் தாராளமாகச் சுழன்றன. அந்த ஆண்டே புதிய மடாதிபதி ஒருவர் பதவிக்கு வந்தார்.

அவர் பெயர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட். வாலிங்ஃபோர்டு ஊர்க் கொல்லர் ஒருவரின் மகன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவ்வூர் மடத்துத் தலைவர் எடுத்து வளர்த்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். இடைக்கால இங்கிலாந்தின் மிகப் பெரிய கணித, வானியல் அறிஞர்களில் ஒருவராக அவர் ஆனார். கோள்களின் இருப்பைக் கணக்கிட ‘ஆல்பியன்’ என்ற கருவியை வகுத்தார். மடாதிபதியானபின் மடத்தில் ஒரு கடிகாரத்தைக் கட்டத் தொடங்கினார். சூரியனின் ஓட்டம், சந்திரனின் வளர்பிறை தேய்பிறை, கிரகணம், லண்டன் பாலத்தடியில் நீர் ஏறி இறங்கும் நேரம் வரை காட்டும் கடிகாரம்! மூன்றாம் எட்வர்டு வந்து பார்த்து, கோயில் பழுதுபட்டுக் கிடக்கும்போது இதற்கு இவ்வளவு செலவா என்று கேட்டாராம். கோயிலைப் பழுதுபார்க்கப் பின்னால் யாரும் வருவார்கள், இந்தக் கடிகாரத்தை முடிக்க வேறு ஆள் வரமாட்டார் என்பது ரிச்சர்டின் பதில். மடத்தின் வரலாற்றேடு சொல்லும் செய்தி இது. தொழுநோய் அவர் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு கண் போயிற்று. நோயோடுதான் கடிகார வேலையை நடத்தினார், 1336இல் இறந்தார்.

இந்த மனிதர்தான் திருகைகளைப் பறித்தவர். அவர் பதவியேற்றபோது மடம் கடனில் மூழ்கியிருந்தது. மடத்தின் உரிமைகளில் ஒன்றைக்கூட விடுவதில்லை என்று அவர் முடிவுசெய்தார். 1330களின் தொடக்கத்தில் ஊரை வழக்கில் மடக்கி, 1327ஆம் ஆண்டுச் சாசனத்தைத் திரும்ப வாங்கினார். வீடு வீடாகக் கற்கள் வெளியே வந்தன. அவற்றை அவர் உடைத்துப் போடவில்லை, விற்கவும் இல்லை. பேச்சறை வாசலில் தளமாகப் பதித்தார். இதற்காக அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கடிகாரத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் வியக்கிறேன். பக்கம் திரும்பியதும் இந்தத் தளம் கண்ணில் படுகிறது. பல்சக்கரங்களின் கணக்கு அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்த கொல்லர் மகனுக்கு, ஒரு வீட்டில் திருகை இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தால் என்ன என்பது தெரியாமலா இருந்திருக்கும்? மடத்தோடு பேச வந்த எந்த ஊர்க்காரனும் தன் வீட்டுக் கல்லை மிதிக்காமல் உள்ளே போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் அங்கே பதித்தார்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தக் கற்கள் அங்கே கிடந்தன. நடுவில் 1348–49இல் கொள்ளைநோய் வந்து நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களை வாரிக்கொண்டு போனது. கற்கள் பறிபோனதைக் கண்ணால் கண்டவர்கள் 1381இல் சிலர்தான் மிஞ்சியிருக்க முடியும். தரையைப் பெயர்த்தவர்களில் மிகப் பலருக்கு அது கேள்விப்பட்ட கதை. பாட்டியோ தாயோ சொல்லியிருப்பார்கள். கொள்ளைநோயால் வீடுகள் காலியாயின, கதை காலியாகவில்லை.

கலகம் என்றதும் திடீர் வெறி, குடிபோதை, கும்பல் என்றுதான் அன்றைய ஏடுகள் எழுதின. இன்றும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. செயின்ட் ஆல்பன்ஸில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். முதல் நாளே ஊர்க்காரர்கள் லண்டனுக்குப் போனார்கள். அவர்கள் தலைவர் வில்லியம் கிரிண்டகோப் அரசன் முன் மண்டியிட்டுக் கடிதம் கேட்டார். டைலரிடம், தேவைப்பட்டால் துணைக்கு ஆள் அனுப்புவதாக உறுதியும் பெற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் மடத்தின் மீன்குளத்தை வடித்தார்கள், காட்டு வேலிகளைப் பிரித்தார்கள், சிறையைத் திறந்தார்கள். சிறையிலிருந்த ஒருவனைத் தாங்களே வெட்டியும் கொன்றார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. வயலில் பிடித்த உயிர் முயல் ஒன்றைக் கொண்டுவந்து, தண்டனை மரத்தில் எல்லாரும் பார்க்கக் கட்டினார்கள். முயல் வேட்டை மடத்தின் தனியுரிமையாக இருந்தது; இனி அது எங்கள் உரிமை என்ற அறிவிப்பு இது. வேலி, குளம், முயல், கல்! ஒவ்வொன்றும் ஒரு பழைய வழக்கு. பட்டியல் மனப்பாடமாக இருந்திருக்கிறது.

அரசனின் கடிதம் பின்னாலேயே வந்தது. செயின்ட் ஜார்ஜ் கொடி பிடித்துக் கடிதத்தோடு குதிரையில் ஊருக்குள் வந்தவரின் பெயர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட்! கடிகாரம் கட்டிய மடாதிபதியின் அதே பெயர். ஊரைச் சேர்ந்த வேறு ஆள். படித்தபோது ஒரு கணம் என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஒரு ரிச்சர்ட் பதித்த கல் பெயர்ந்த நாளில் இன்னொரு ரிச்சர்ட் சாசனம் கேட்டு வந்து நிற்கிறார்.

சாசனம் என்றேன். கலகக்காரர்கள் ஏடுகளை எரித்தார்கள் என்பது உண்மை. செயின்ட் ஆல்பன்ஸ் சந்தைச் சிலுவை அருகே மடத்தின் பத்திரங்கள் எரிந்தன. எழுத்தின் மேலேயே வெறுப்பு என்று சிலர் இதற்குப் பொருள் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எரித்த அதே கையோடு அவர்கள் மடாதிபதி தாமஸ் டி லா மேரிடம் இன்னொரு பத்திரத்தைக் கேட்டார்கள். எட்டாம் நூற்றாண்டில் மடத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் ஓஃபா மன்னன் ஊருக்குக் கொடுத்த சாசனம் அது. அதன் பெரிய எழுத்துகளில் ஒன்று பொன்னாலும் ஒன்று நீலத்தாலும் ஆனது என்றார்கள். அப்படி ஒன்றைத் தாம் கண்டதே இல்லை என்றார் மடாதிபதி. அவர்கள் விடவில்லை. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரிலும் இதே நாட்களில் இதே கோரிக்கை எழுந்தது. அங்கே கேட்டது கன்யூட் மன்னன் காலத்துச் சாசனம்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1377இல், தென் இங்கிலாந்தின் நாற்பது கிராமங்கள் வரை காசு கொடுத்து ‘டூம்ஸ்டே’ பதிவேட்டிலிருந்து தங்கள் ஊர்ப் பகுதிக்கு நகல் வாங்கின. 1086ஆம் ஆண்டு நிலக்கணக்கு அது. அதில் தங்கள் ஊர் பழைய அரச நிலம் என்று இருந்தால், பண்ணையில் கூலியில்லா வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று வாதாடினார்கள். நாடாளுமன்றத்தில் நிலவுடைமையாளர்கள் அலறினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுப் பழைய ஏட்டின் நகலுக்காகக் காசு சேர்த்திருக்கிறார்கள்! எழுத்தை வெறுத்தவர்கள் இதைச் செய்வார்களா? தங்களைக் கட்டிய ஏட்டை எரித்தார்கள், தங்களை விடுவிக்கும் ஏட்டைத் தேடினார்கள். அவ்வளவு தெளிவாக இருந்தார்கள்.

டைலர் இறந்த செய்தி வந்தபின்னும் மடாதிபதி சாசனம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் சில வாரங்கள்தான். ஜூலையில் அரசனே படையோடும் தலைமை நீதிபதி ராபர்ட் டிரெசிலியனோடும் செயின்ட் ஆல்பன்ஸுக்கு வந்தார். கலகக்காரர்களின் போதகர் ஜான் பால் அங்கேதான் ஜூலை 15ஆம் தேதி கொல்லப்பட்டார். கிரிண்டகோப்பைச் சிறையிலிருந்து பிணையில் விட்டு, ஊர்க்காரர்களிடம் பேசிச் சாசனத்தைத் திருப்பித் தரச் செய்தால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள். அவர் ஊர்க்காரர்கள் நடுவே நின்று, என் உயிரை நினைத்து எதையும் கொடுக்காதீர்கள் என்ற பொருளில் பேசிவிட்டுத் திரும்பப் போனார். இதையும் வால்சிங்கமே பதிந்திருக்கிறார். கிரிண்டகோப்பைத் தூக்கிலிட்டார்கள். தூக்கில் தொங்கிய உடல்களை ஊர்க்காரர்கள் இறக்கிப் புதைத்தபோது, அவற்றைத் தோண்டி, இரும்புச் சங்கிலியில் மறுபடி தொங்கவிடும்படி ஊர்க்காரர்களுக்கே அரச ஆணை வந்தது.

1539இல் மடம் கலைக்கப்பட்டது. கடிகாரமும் தொலைந்தது. 1553இல் செயின்ட் ஆல்பன்ஸ் தன் நகரச் சாசனத்தைப் பெற்றது. அதே ஆண்டு மடத்தின் பெரிய கோயிலை ஊரே 400 பவுண்டுக்கு வாங்கித் தன் பங்குக் கோயிலாக்கிக்கொண்டது.

மைல் எண்ட் சாசனங்களுக்கு இடம் போதவில்லை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவற்றை ஜூலை 2ஆம் தேதி அரசன் ரத்து செய்தார். ஆனால் நவம்பரில் நாடாளுமன்றம் கூடியபோது, பொருளாளர் ஹியூ செக்ரேவ் அரசன் சார்பில் அவையிடம் ஒரு கேள்வி வைத்தார்: பண்ணையடிமைகளை விடுவிக்க நீங்கள் விரும்பினால் அரசர் இணங்குவார், என்ன சொல்கிறீர்கள்? பிரபுக்களும் மக்களவையினரும் ஒரே குரலில் மறுத்தார்கள். தோற்கடித்த கலகத்தின் முதல் கோரிக்கையை அரசனின் ஆளே அவையில் எடுத்துவைத்தது ஏன், அவை எந்தக் காரணத்தைக் காட்டி மறுத்தது, அப்படி மறுத்தும் அடுத்த நூறாண்டில் பண்ணையடிமை முறை எப்படிக் கரைந்தது என்பவை அடுத்த வாரம்.

(தொடரும்)