எழுத்துரு இணைத்து வழங்கல்

எழுத்துரு இணைத்து வழங்கல் என்பது ஒரு மென்பொருள் செயற்படத் தேவையான எழுத்துருக் கோப்புகளை அம்மென்பொருளின் நிறுவற் பொதியிலேயே சேர்த்துப் பயனரின் கணினியில் நிறுவும் முறையாகும். இயங்குதளத்துடன் வரும் எழுத்துருக்கள் போதாதபோது இம்முறை தேவைப்படுகின்றது. கணிதக் குறியீடுகள், இசைக் குறியீடுகள் ஆகியவற்றைக் கையாளும் மென்பொருள்களும், இயங்குதளம் ஆதரிக்காத மொழிகளுக்கான மென்பொருள்களும் இதனைப் பயன்படுத்துகின்றன. தமிழ்க் கணிமையின் தொடக்க காலத்தில் தமிழ் மென்பொருள்கள் பெரும்பாலும் தமக்கான எழுத்துருக்களைத் தம்முடனேயே கொண்டுவந்தன.

தேவை

ஒரு ஆவணக் கோப்பில் பொதுவாக எழுத்துகளின் வடிவங்கள் சேமிக்கப்படுவதில்லை. எழுத்துகளுக்குரிய குறியெண்களும் எழுத்துருவின் பெயருமே சேமிக்கப்படுகின்றன. ஆவணம் திறக்கப்படும்போது, அப்பெயர் கொண்ட எழுத்துரு கணினியில் இருந்தால் அதிலிருந்து வடிவங்கள் பெறப்படும். இல்லையெனில் இயங்குதளம் வேறொரு எழுத்துருவைப் பதிலீடாகப் பயன்படுத்தும்.

பதிலீட்டின் விளைவு குறியேற்றத்தைப் பொறுத்து வேறுபடும். ஒருங்குறியில் அமைந்த உரையாயின், பதிலீட்டு எழுத்துருவிலும் அதே குறியெண்ணில் அதே எழுத்தே இருக்கும். வரிகளின் நீளமும் பக்கப் பிரிப்பும் மாறலாம். ஆனால் உரையைப் படிக்க இயலும். குறித்த எழுத்து எந்த எழுத்துருவிலும் இல்லையெனில் வெற்றுக் கட்டம் தோன்றும். எழுத்துருவுக்கே உரிய தனிக் குறியேற்றத்தில் அமைந்த உரையாயின், பதிலீட்டின் பின் அது பொருளற்ற குறிகளின் தொடராகிவிடும்.

தமிழ் எழுத்துருக்கள்

1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும், விண்டோஸ் இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழ் ஆதரவு லதா எழுத்துருவுடன் விண்டோஸ் 2000 பதிப்பிலேயே கிடைத்தது. அதற்கு முன்னர், எழுத்துரு உருவாக்குநர்கள் இலத்தீன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தனர். எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமைத்தனர்.

இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடையேயும் பரவலாகப் பயன்பட்ட பாமினி எழுத்துரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாமினியில் எழுதப்பட்ட "தமிழ்" என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். கோப்பில் உண்மையில் இருப்பனவும் அவையே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. இதனால் எழுத்துரு வடிவத்தைத் தருவதுடன் உரையைப் படிப்பதற்கான திறவுகோலாகவும் இருந்தது. எழுத்துரு தொலைந்தால் உரையும் படிக்க இயலாததாகியது. ஆகவே மென்பொருளுடன் எழுத்துருவை வழங்குவதும், கோப்பை அனுப்புவோர் எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவதும் வழக்கமாயின.

இக்குழப்பத்தைக் குறைக்கத் தகுதரங்கள் உருவாக்கப்பட்டன. இணையவழி உரையாடல்கள் மூலம் டிஸ்கி குறியேற்றம் உருவானது. 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்களைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்த உரைக்கும், டாம் தமிழ் மட்டுமுள்ள உரைக்கும் உரியவை. 2010 இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியேற்றமான டேஸ் 16 ஐயும் தமிழ்நாடு அரசு தகுதரங்களாக ஏற்றது.

பின்னர் இயங்குதளங்களே தமிழ் எழுத்துருக்களைக் கொண்டுவரத் தொடங்கின. விண்டோஸ் 7 (2009) உடன் விஜயா எழுத்துருவும், விண்டோஸ் 8 (2012) உடன் நிர்மலா எழுத்துருவும் வந்தன. மாக் இயங்குதளத்தில் இணைமதி எழுத்துரு சேர்க்கப்பட்டது. ஆயினும் இயங்குதளத்துடன் வரும் எழுத்துரு எப்போதும் இருக்கும் என்று கொள்ள இயலாது. விண்டோஸ் 10 (2015) முதல் லதாவும் விஜயாவும் எல்லாக் கணினிகளிலும் இயல்பாக நிறுவப்படுவதில்லை. தமிழுக்குரிய துணை எழுத்துருத் தொகுப்பில் அவை வைக்கப்பட்டுள்ளன.

நிறுவும் முறைகள்

எழுத்துருவை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக நிறுவலாம். அல்லது ஒரு செயலிக்கு மட்டும் உரியதாக ஏற்றலாம்.

விண்டோஸ் இயங்குதளத்தில் பொது நிறுவல் மூன்று படிகளைக் கொண்டது. முதலில் எழுத்துருக் கோப்பு, எழுத்துருக்களுக்குரிய அடைவில் படியெடுக்கப்படும். இரண்டாவதாக, எழுத்துருவின் பெயரும் கோப்பின் பெயரும் இயங்குதளப் பதிவேட்டில் எழுதப்படும். மூன்றாவதாக, எழுத்துரு இயங்குதளத்தில் ஏற்றப்பட்டு, இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளுக்கு மாற்றம் அறிவிக்கப்படும். இரண்டாம் படி விடுபட்டால் கணினியை மீளத் தொடங்கியபின் எழுத்துரு காணாமற்போகும். மூன்றாம் படி விடுபட்டால் மீளத் தொடங்கும்வரை எழுத்துரு தோன்றாது. இவ்வகை நிறுவலுக்கு நிர்வாகி உரிமை தேவை. 2018 இல் வெளியான விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் முதல், பயனர் ஒருவர் தமக்கு மட்டும் எழுத்துருவை நிறுவ அவ்வுரிமை தேவையில்லை.

லினக்ஸ் வழங்கல்களில் எழுத்துருக்களைக் கண்டறியும் பணியை ஃபான்ட்கான்ஃபிக் என்னும் நிரற்றொகுதி செய்கின்றது. உரிய அடைவில் கோப்பை இட்டு, எழுத்துருத் தற்காலிகப் பட்டியலைப் புதுப்பித்தால் போதுமானது. பயனரின் முகப்பு அடைவுக்குள்ளும் இவ்வாறு நிறுவலாம். டெபியன் போன்ற வழங்கல்களில், ஒரே எழுத்துருவைப் பல பொதிகளில் சேர்ப்பது தவிர்க்கப்படுகின்றது. எழுத்துரு தனிப் பொதியாக இருக்கும். மென்பொருட் பொதி அதனைத் தன் சார்புநிலையாகக் குறிப்பிடும்.

தனி ஏற்றத்தில் எழுத்துருக் கோப்பு செயலியின் சொந்த அடைவிலேயே இருக்கும். செயலி தொடங்கும்போது அதனை ஏற்றிக்கொள்ளும்; பிற செயலிகள் அதனைக் காணமாட்டா. விண்டோஸ் 2000 முதல் இதற்கென வசதி உண்டு. கைபேசிச் செயலிகளில் இதுவே வழக்கமான முறையாகும்.

சிக்கல்கள்

- பெயர் மோதல்: ஒரே பெயரில் இரு வேறு எழுத்துருக்கள் இருந்தால் எது பயன்படும் என்பது உறுதியில்லை. இரண்டும் வேறு குறியேற்றங்களாயின் உரை சிதையும்.
- பழைய பதிப்பு மேலெழுதுதல்: பதிப்பெண்ணைச் சரிபார்க்காத நிறுவல் நிரல், கணினியிலுள்ள புதிய எழுத்துருவை அழித்துப் பழையதை வைத்துவிடக்கூடும்.
- கோப்பு பூட்டப்படுதல்: பயன்பாட்டிலுள்ள எழுத்துருக் கோப்பை விண்டோஸ் மாற்றவிடாது. எனவே மாற்றம் மறுதொடக்கத்தின்போதே நிகழும்.
- நீக்கம்: மென்பொருளை நீக்கும்போது பொதுவாக நிறுவிய எழுத்துருவையும் நீக்கினால், அதனைக் கொண்டு எழுதப்பட்ட ஆவணங்கள் பாதிக்கப்படும். எனவே பல நிறுவல் நிரல்கள் பொது எழுத்துருக்களை நீக்காமல் விடுகின்றன.

உரிமம்

எழுத்துருக் கோப்பும் உரிமத்துக்கு உட்பட்டது. ஒரு எழுத்துருவைப் பயன்படுத்தும் உரிமை, அதனைப் பிறருக்கு வழங்கும் உரிமையைத் தருவதில்லை. ட்ரூடைப், ஓப்பன்டைப் கோப்புகளில் ஆவணத்துடன் பொதிக்க அனுமதி உண்டா என்பதைக் காட்டும் குறியீடும் உள்ளது. அது தகவல் மட்டுமே. உரிம வாசகத்துக்கு ஈடாகாது.

எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் (முதற் பதிப்பு 2005, பதிப்பு 1.1 2007) இணைத்து வழங்கலை வெளிப்படையாக அனுமதிக்கின்றது. இவ்வுரிமம் பெற்ற எழுத்துருவை விலைக்கு விற்கும் மென்பொருளுடனும் சேர்க்கலாம். ஆனால் காப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் உடன் இருக்கவேண்டும். எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது. மாற்றியமைத்த வடிவுக்கு ஒதுக்கப்பட்ட பெயரை இடக்கூடாது. மூன்றாம் விதி பெயர் மோதலையும் தடுக்கின்றது. ரெட் ஹாட் நிறுவனம் 2004 இல் குனூ பொதுமக்கள் உரிமத்தில் வெளியிட்ட லோகித் எழுத்துருக்கள், லோகித் தமிழ் உட்பட, 2011 இல் இவ்வுரிமத்துக்கு மாற்றப்பட்டன.

மாற்று வழிகள்

கையடக்க ஆவண வடிவத்தில் எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பொதிக்கலாம். பெறுபவர் எதையும் நிறுவாமல் படிக்கலாம். எனினும் பாமினி போன்ற எழுத்துருவில் அமைந்த உரையைப் படியெடுத்தால் பெரும்பாலும் இலத்தீன் குறிகளே கிடைக்கும், தேடலும் இயலாது. வலைத்தளங்களில் 1997 இல் நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகியவற்றின் நான்காம் பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இயங்கு எழுத்துரு முறைகளை அறிமுகப்படுத்தின. 2012 இல் வலை எழுத்துருவுக்கான பொது வடிவம் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாகியது.

முற்கால எண்பிட்டுக் குறியேற்றங்களில் உள்ள ஆவணங்களைக் காப்பதற்கு எழுத்துருவைப் பேணுவது மட்டும் போதாது. குறிமாற்றி மூலம் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினால், குறித்த ஒரு எழுத்துருவைச் சாராமல் அவற்றைப் படிக்கவும் தேடவும் இயலும்.

இவற்றையும் பார்க்க

- எழுத்துரு
- ஒருங்குறி
- தமிழ்க் கணிமை
- டிஸ்கி