வாசலில் நின்றே மதிப்பு போட்ட காண்ட்ராக்டர்

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் காலனியில் சுவர்கள் உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் குடித்த தண்ணீர் உப்பாக வெளியே பூக்கும். விரலால் தேய்த்தால் மாவுபோல ஒட்டும். பிறகு பூச்சு உப்பி, பக்குப் பக்காக விழும். கடலூர் மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் தொகுப்பு வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போன தை மாதம் எங்கள் வீட்டில் விழுந்தது சுவர்ப் பூச்சு அல்ல, மேல்தளத்தின் பூச்சு. இரவு இரண்டு மணி இருக்கும். ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து பாயின் கால்மாட்டில் விழுந்தது. அண்ணன் மகள் காலை மடக்கிப் படுத்திருந்ததால் தப்பினாள். அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி மூன்று தெரிந்தது.

மறுநாளே நகரத்தில் கட்டட வேலை எடுக்கும் காண்ட்ராக்டர் ஒருவரை அழைத்தோம். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தார். எழுபது வயதைத் தாண்டிய அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, எவ்வளவு வெச்சிருக்க?" என்றார். "உள்ள வந்து தட்டிப் பாருங்க சார்" என்றார் அப்பா. "பார்த்தாலே தெரியுது" என்று வாசலில் நின்றபடியே 48,000 ரூபாய் என்றார். அம்மா கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்றார். அது நமக்குப் பழகிப்போனது, கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே வராமல் மதிப்பு போட்டாரே, அதையாவது கணக்கில் எடுத்திருக்க வேண்டும். மகளிர் குழுக் கடனில் 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். துண்டுச்சீட்டு கூட வாங்கவில்லை.

பூச்சு கெட்டிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலின் கட்டையாலோ விரல் முட்டியாலோ அடிக்கு அடி தட்டிக்கொண்டே போக வேண்டும். பிடிப்பாக இருந்தால் கெட்டியாக ஒலிக்கும், செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்தால் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தப் பரப்பை அளந்தால்தான் வேலை எவ்வளவு என்று தெரியும். நூறு சதுர அடி ஒரு சதுரம். எத்தனை சதுரம் என்று சொல்லாமல் மொத்தத் தொகை சொல்கிறவர், வேலையின் அளவைச் சொல்லவில்லை, நம் பையின் அளவைத்தான் கேட்கிறார்.

அவர் அனுப்பிய ஆட்கள் நான்கு நாள் வேலை செய்தார்கள். எல்லாரும் பக்கத்து ஊர்க் காலனிக்காரர்கள். தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுக்கவே இல்லை, அதன் மேலேயே பூசினார்கள். தளத்துக் கம்பியின் துருவைச் சுரண்டாமல் சிமென்ட் பால் தடவி மூடினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், கலவை போட்ட சித்தாள் அக்கா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒண்ணுக்கு அஞ்சுன்னு பேச்சு. ஒண்ணுக்கு பத்து போவுது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அக்கா." இருபது வருடமாகக் கலவை போடுகிறவர். நிறத்தைப் பார்த்தே சிமென்ட் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வாயைத் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

காண்ட்ராக்டரைக் கேட்டோம். கோபப்பட்டார். ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார். பிறகு போனை எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் புதுப் பூச்சும் பழையதோடு சேர்ந்து கையோடு வந்தது.

இந்த மாதிரி வேலையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் கையில் ஒரு காகிதம் வேண்டுமே. வெள்ளைத்தாளில் எத்தனை சதுரம், என்ன கலவை, சாமான் யாருடையது, எத்தனை தவணை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தாலோ எங்களுக்கு வழி இருந்திருக்கும். முன்பணம் நாலில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கவே கூடாது என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

இரண்டாவது முறை அந்தச் சித்தாள் அக்காவையே தேடிப் போனோம். அவரும் எங்கள் தெருக் கொத்தனார் ஒருவரும் சேர்ந்து எட்டு நாளில் முடித்தார்கள். சாமான் நாங்களே வாங்கினோம். மூட்டையில் அச்சடித்த வாரத்தையும் ஆண்டையும் பார்த்து வாங்கச் சொன்னார் கொத்தனார். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிமென்டுக்கு வலு குறையும். பூச்சுக்கு எம் சாண்ட் இல்லை, சலித்த பி சாண்ட். குடிக்க முடியாத உப்புத் தண்ணீரில் கலவை போடக் கூடாது என்று போர் தண்ணீரைத் தொடவே விடவில்லை. குடிநீர்க் குழாயில் பிடித்து வைத்தோம்.

உப்பு பூத்த இடத்துக்கு மேலே ஓர் அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்தார். செங்கல் இடுக்கில் அரை அங்குல ஆழத்துக்குப் பழைய கலவையைச் சுரண்டினார். உப்பை ஈரத்துணியால் துடைக்க விடவில்லை, துடைத்தால் திரும்ப உள்ளே போகுமாம். காய்ந்த பிரஷால் தேய்த்து எடுத்து, சில நாள் காயவிட்டுப் பிறகுதான் பூசினார். செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் கோழிவலைக் கம்பியை ஆணியடித்து அதன் மேல் பூசினார். விரிசல் முதலில் வருவது அங்கேதான். உள்சுவருக்கு ஒன்றுக்கு ஐந்து, தளத்துக்கு ஒன்றுக்கு மூன்று. தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணிக்குள் தீர்த்துவிட வேண்டும், இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பிடிப்பு போய்விடும். முடிந்த பிறகு ஏழு நாள் காலை மாலை தண்ணீர் காட்டியது அம்மா.

ஓதம் ஏறுகிற சுவரில் டைல்ஸ் ஒட்டுவதோ எண்ணெய்ப் பெயின்ட் அடிப்பதோ நம் தெருவில் இப்போது வழக்கமாகிவிட்டது. ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்பு போதும்.

கூலி விஷயத்தில் ஒரு சங்கடம். ஆண் ஆளுக்கு 800, அக்காவுக்கு 600 என்றார் கொத்தனார். இருவரும் தூக்குவது அதே பாண்டுதானே என்று 800 கொடுத்தோம். "ரேட்டைக் கெடுக்கறீங்க" என்று அவர் முகம் வாடியது. நம் ஆள்தான் அவரும்.

சுவர் சரியாகிவிட்டது. ஈரம் வரும் வழி சரியாகவில்லை. சிமென்ட் சாலையின் மேலேயே சாலை போட்டுப் போட்டு, எங்கள் வாசல் தெருவைவிட ஒரு சாண் பள்ளமாகிவிட்டது. பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே சுற்றறிக்கை அனுப்பினார். எங்கள் தெருவில் யாரும் சுரண்டிப் பார்த்ததில்லை.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1974-இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முக்கிய வேலையே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதுதான். கூரையிலிருந்து கான்கிரீட்டுக்கு வந்தது நமக்குச் சாதாரண விஷயமில்லை. அந்தக் கான்கிரீட்தான் இப்போது தலையில் விழுகிறது. தளத்துக் கம்பி மெலிந்து போயிருந்தால் எந்தக் கொத்தனாரும் பூசிச் சரிசெய்ய முடியாது, பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைச் சீரமைக்க 2024-இல் தமிழக அரசு திட்டம் அறிவித்தது. எங்கள் வீடு தொண்ணூறுகளில் கட்டியது, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 2011 தானே புயலுக்குப் பிறகு கட்டிய வீடுகள் அந்தக் கணக்கில் வராது. அவற்றிலும் இப்போது உப்பு பூக்கிறது.

அந்த அக்கா குடியிருப்பது அப்படி ஒரு வீட்டில். அவர் வீட்டுக்கு ஒருநாள் போனபோது அடுப்படிச் சுவரில் செங்கல் தெரிந்தது. எங்கள் வேலையில் மிஞ்சிய மணலை மகனை விட்டு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சிமென்ட் வாங்கக் காசு சேர்ந்ததும் தானே பூசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற மே 1 கிராம சபையில் அவர் தெருக்காரர்கள் வீட்டு எண்ணோடு பட்டியல் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். எங்கள் தெருப் பட்டியலும் தயாராகிறது.