மோதலால் நிலைக்கும் தற்சுழற்சி

மின்கருவி செய்பவர்களுக்கு எலக்ட்ரான் மோதுவது பிடிக்காது. படிகத்தில் கலந்த மாசணுவை நெருங்கும்போதெல்லாம் அது திசைமாறிச் சிதறும், ஓட்டம் தடைப்படும். ஆனால் மாசணு சேர்க்காவிட்டால் குறைக்கடத்தியில் போதிய எலக்ட்ரான்களே இருக்காது. 1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிங்கிள், ஸ்டோர்மர் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். தூய காலியம் ஆர்சனைடு மென்படலத்தை ஒட்டி, அலுமினியம் கலந்த இன்னொரு படலத்தை வளர்த்தார்கள். மாசணுக்கள் இந்த இரண்டாவதில் மட்டும். அவை தந்த எலக்ட்ரான்கள், ஆற்றல் குறைந்த தூய படலத்துக்குள் இறங்கி, முன்பைவிடத் தாராளமாக ஓடின.

எலக்ட்ரான் மின்னூட்டம் மட்டுமல்ல, நுண்ணிய காந்தமும்கூட. அதற்குக் காரணமான பண்புதான் தற்சுழற்சி. அதன் திசையைக் கொண்டு இயங்கும் டிரான்சிஸ்டர் ஒன்றைப் பர்டூ பல்கலைக்கழகத்தின் சுப்ரியோ தத்தாவும் பிஸ்வஜித் தாஸும் 1990இல் முன்வைத்தார்கள். அந்தத் திசை எவ்வளவு நேரம் கலையாமல் இருக்கும் என்பதுதான் கேள்வி.

லெனின்கிராடில் இயற்பியலாளர்கள் தியாகோனவும் பெரலும் 1971இலேயே தந்த விடை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது: எலக்ட்ரான் அடிக்கடி மோதினால், தற்சுழற்சி கூடுதல் நேரம் நிலைக்கும்!

காரணம் படிகத்தின் அமைப்பில் இருக்கிறது. காலியமும் ஆர்சனிக்கும் வேறு வேறு அணுக்கள் என்பதால், எதிரெதிர்த் திசைகள் அங்கே சமமல்ல. அதனால் வெளியே காந்தம் எதுவும் இல்லாமலே, ஓடும் எலக்ட்ரான் ஒரு காந்தப்புலத்தை உணர்கிறது. ஓடும் திசைக்கேற்ப அந்தப் புலமும் மாறும். தற்சுழற்சி அதைச் சுற்றித் திரும்பத் தொடங்கும். மோதல் அரிதானால் ஒவ்வொரு எலக்ட்ரானின் தற்சுழற்சியும் தான் உணரும் புலத்தை அச்சாகக் கொண்டு வெகுதூரம் திரும்பிவிடும். ஒன்றாகப் புறப்பட்டவை ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். அடிக்கடி மோதினாலோ, கொஞ்சம் திரும்புவதற்குள் அச்சே மாறிவிடுகிறது. ஆளாளுக்கு ஒரு பக்கமிருந்து தள்ளினால் ஊஞ்சல் உயராதல்லவா, அதுபோல. மோதலே தற்சுழற்சியைப் புரட்டிவிடும் வேறொரு வழியும் உண்டு; காலியம் ஆர்சனைடு மென்படலங்களில் பெரும்பாலும் முந்தையதே ஓங்கி நிற்கிறது.

ஆக, ஓட்டத்துக்கு நல்ல படலம் தற்சுழற்சிக்குக் கெடுதல். இந்த இக்கட்டுக்குப் படலத்தை வளர்க்கும் திசையிலேயே ஒரு வழி இருந்தது. படிகத்தின் வழக்கமான ‘100’ எனப்படும் முகத்துக்குப் பதில் ‘110’ எனப்படும் முகத்தில் வளர்த்தால், எலக்ட்ரான் எப்பக்கம் ஓடினாலும் அந்தப் புலம் படலத்துக்குச் செங்குத்தாகவே அமையும். தற்சுழற்சியையும் செங்குத்தாக நிறுத்திவிட்டால், அது சுற்றித் திரும்ப இடமே இல்லை. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தார் 1999இல் இதை அளந்தார்கள். அறை வெப்பநிலையிலேயே தற்சுழற்சி நானோ விநாடிக் கணக்கில் நீடித்தது. 100 முகத்துப் படலங்களைவிட இது பத்து மடங்குக்கும் மேல்.