தனியே நடப்பவருக்கு எத்தனை கிலோ சுமை?

தை மாதத்தில் கடையநல்லூர், தென்காசிச் சாலைகளில் பச்சை உடை அணிந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையநல்லூரிலிருந்து திருச்செந்தூர் நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. ஆனாலும் பலருடைய தோளில் தொங்குவது ஒரு சிறு பைதான். கூட்டமாகச் செல்வதால் அரிசியும் பாத்திரங்களும் வண்டியில் போய்விடுகின்றன. வழியிலுள்ள ஊர்களில் தண்ணீர் கிடைக்கிறது.

இதே போன்ற தூரத்தை ஒருவர் தன்னந்தனியாக, ஊர்களே இல்லாத காட்டுப் பாதையில் நடப்பதானால் என்ன செய்வார்? உணவு, தண்ணீர், போர்வை, மருந்து எல்லாவற்றையும் அவரே சுமக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது?

அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்ற மலைப் பாதை இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி 1955-ஆம் ஆண்டு, தமது 67-ஆம் வயதில், இதைத் தனியாகவே நடந்து முடித்தார். ஒரே பருவத்தில் இவ்வாறு தனியே நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். அவரிடம் இருந்தது தாமே தைத்த ஒரு துணிப்பை. அதில் ஒரு போர்வை, மழைக்குப் பிளாஸ்டிக் திரை, சிறிது உணவு. காலில் கான்வாஸ் காலணி. கூடாரம்கூட இல்லை! குறைந்த சுமையே அவருக்குப் பெருந்துணையாக இருந்தது. ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் எடை 50 கிலோ என்று கொள்வோம். முதுகில் 10 கிலோ ஏற்றினால் மொத்தம் 60 கிலோ. மேட்டில் ஏறும்போது புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு வேலை கூடுகிறது. வெறும் உடலோடு ஐந்து குன்று ஏறுவதும், இந்தச் சுமையோடு ஐந்து குன்று ஏறுவதும் ஒன்றல்ல. இரண்டாவது, ஆறு குன்று ஏறுவதற்குச் சமம்.

சமதரையில் நிலைமை சற்று வேறு. நடக்கும்போது நமது உடல் தலைகீழான ஊசலைப் போல இயங்குகிறது. ஊன்றிய காலின் மேல் உடல் எழும்போது இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாகிறது. தாழும்போது அதில் ஒரு பகுதி இயக்க ஆற்றலாகத் திரும்பக் கிடைக்கிறது. சபரிமலைக்குச் செல்வோர் இருமுடியைத் தலையில் சுமப்பதைக் கண்டிருப்பீர்கள். கென்யா நாட்டில் சிறு வயது முதலே தலைச்சுமை எடுத்துப் பழகிய பெண்களை அறிவியலார் ஆராய்ந்தனர். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தபோதும் அப்பெண்கள் கூடுதல் ஆற்றல் செலவிடவில்லை என்று 1986-இல் கண்டறிந்தனர். அவர்களுடைய ஊசல் இயக்கம் நம்முடையதைவிடத் திறமையாக நடைபெறுவதே காரணம். ஆனால் இது பழக்கத்தால் வருவது. மற்றவர்களுக்கு முதுகுப்பையே ஏற்றது.

முதுகுப்பையிலும் ஒரு நுட்பம் உண்டு. கனமான பொருள் முதுகை விட்டு விலகியிருந்தால் ஈர்ப்பு மையம் பின்னுக்குச் செல்லும். விழாமல் இருக்க நாம் முன்னே குனிய வேண்டிவரும், முதுகு வலிக்கும். எனவே கனமானதை முதுகை ஒட்டி வைக்க வேண்டும். இடுப்பில் பட்டை கட்டினால் சுமையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். காலணியோ மிக இலேசாக இருக்க வேண்டும். பாதத்தை ஒவ்வொரு அடியிலும் நிறுத்தி, மீண்டும் வீச வேண்டியிருக்கிறதல்லவா? அதனால் காலில் ஏறும் 1 கிலோ, முதுகில் ஏறும் 4 முதல் 6 கிலோவுக்கு ஈடான ஆற்றலைக் கேட்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் குறைத்துவிடலாமா? முடியாது. தண்ணீரைக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கே வேலையாகிறது, மீதி வெப்பம். வியர்வை ஆவியாகும்போது இந்த வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 1 லிட்டர் வியர்வை சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை நீக்கும். உடலில் நீர் குறைந்தால் வியர்வை குறையும், உடல் சூடேறும், மயக்கம் வரும். தனியே சென்றவர் மயங்கினால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்?

1 லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. கடையநல்லூரிலிருந்து தென்காசிக்கு நடந்தால் இடையிடையே ஊர்கள் வரும்; 1 லிட்டர் பாட்டிலை நிரப்பி நிரப்பிச் செல்லலாம். காட்டுப் பாதையிலோ அடுத்த நீர்நிலை வரைக்கும் வேண்டிய முழு அளவையும் சுமக்க வேண்டும். ஆகவே புறப்படுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எவ்வளவு தூரம்?’ என்பதல்ல, ‘அடுத்த தண்ணீர் எங்கே?’ என்பதே.

நால்வர் சேர்ந்து சென்றால் 1 கிலோ பாத்திரம் ஆளுக்குக் கால் கிலோதான். தனியாளுக்கு அது முழுச் சுமை. அதனால் பல வேலைக்கு உதவும் பொருளே அவருக்கு நல்லது. நம் ஊர்த் துண்டு ஒன்று போதாதா? அது வெயிலில் தலைப்பாகை, நனைத்தால் கழுத்துக்குக் குளிர்ச்சி, கை முறிந்தால் தூளி!

எம்மா கேட்வுட்டும் முதல் முறையே வெற்றி பெறவில்லை. 1954-இல் அவர் வழி தவறினார், மூக்குக்கண்ணாடியும் உடைந்தது, வீடு திரும்ப நேர்ந்தது. ஒரு கண்ணாடியின் எடை எவ்வளவு? சில கிராம்தான். இல்லாமல் முடியாது என்ற பொருளுக்கு மாற்று ஒன்று வைத்திருப்பதும், செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் தனி நடையின் அடிப்படை விதிகள். இரண்டாவதற்கு எடையே இல்லை.

இன்று மாலை உங்கள் புத்தகப் பையை நிறுத்துப் பாருங்கள். அது உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. தாண்டினால், நாளைக்குத் தேவையில்லாதது எது என்று தேடி வெளியே எடுங்கள். நெடும்பயணம் செல்வோரும் முதலில் கற்பது இதைத்தான்.