இதனால் குணமாயிற்றா, இதற்குப் பின் குணமாயிற்றா?

கரியமாணிக்கத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மஞ்சள் காமாலை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. வரப்போரம் பறித்து, அரைத்து, மோரில் கலந்து, பத்தியத்துடன் அருந்துவது நெடுநாள் வழக்கம். சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் மறைந்துவிடுகிறது. “எங்கள் வீட்டில் மூவருக்கு இதனால்தான் குணமாயிற்று” என்று உற்றார் கூறும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆயினும், ‘இதற்குப் பின்’ என்பது அங்கே ‘இதனால்’ என்று மாறிவிடுகிறது.

அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ வகைக் காமாலை, பெரும்பாலோருக்குத் தனி மருந்து ஏதுமின்றியே சில வாரங்களில் தணிந்துவிடும். அந்நாட்களில் எதை உண்டிருந்தாலும் அதுவே குணமாக்கியது போலத் தோன்றும். மேலும், குணமானவர் ஊரெல்லாம் சொல்வார். குணமாகாதவரின் கதை நம் செவிக்கு எட்டுவதில்லை.

உண்மையை அறிய ஒப்பீடு வேண்டும். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் அதைச் செய்தனர். ஹெபடைட்டிஸ் பி கிருமியை உடலில் தாங்கியிருந்தோரில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லி மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற பொருளும் 30 நாட்கள் கொடுத்தனர். முடிவு 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தற்ற பொருளை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது.

அது முதற்கட்ட ஆய்வு, பங்கேற்றவர்களும் சிலரே. எனவே தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் மீண்டும் சோதித்தனர். அந்தப் பலன் அங்கே கிட்டவில்லை. வீட்டார் மூவரின் அனுபவத்தைவிட 60 பேரின் ஒப்பீடு வலுவானது. அதனினும் வலுவானது, பிறர் செய்து பார்த்தபோதும் நிலைத்து நிற்கும் முடிவு. மூலிகைக்கு மட்டுமன்று, நாங்கள் எழுதித் தரும் மாத்திரைக்கும் இதே அளவுகோல்தான்.

ஆகவே, எந்த மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம்:

• உண்டும் குணமாகாதவர் எத்தனை பேர்?
• உண்ணாமலே குணமானவர் எத்தனை பேர்?
• அவருக்கு வந்ததும் நமக்கு வந்ததும் ஒரே நோயா?
• வேறிடத்திலும் சோதித்து அதே பலன் கண்டார்களா?

மூன்றாம் கேள்வி உயிர் காக்கும் கேள்வி. பித்தநாளக் கல், புற்றுநோய், மதுவால் கெட்ட கல்லீரல், எலிக்காய்ச்சல் ஆகியவற்றாலும் கண் மஞ்சளாகும். இவை பத்தியத்திற்குக் காத்திருப்பதில்லை. எது என்பதை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் பிரித்துக் காட்டும்.

மஞ்சள் காமாலையுடன் மயக்கம், மனக்குழப்பம், இரத்தக்கசிவு, ஓயாத வாந்தி, வயிறு வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். கருவுற்ற பெண்ணுக்குக் கண் மஞ்சளானால் வேறு எந்த அறிகுறிக்கும் காத்திராதீர்கள்.

வீட்டில் ஏதேனும் மூலிகை உண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கடிந்துகொள்ள மாட்டோம், சிகிச்சையைச் சரியாக வகுக்க அது எங்களுக்கு உதவும்.